மூன்றாவது பை

கொன்றைமலை மடத்தில் துறவு கேட்டு வருகிறவர், தலையை மழிப்பதற்கு முன் மனத்தில் உள்ள கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். பதில் கிடைத்த பிறகும் துறவு வேண்டுமென்றால்தான் கத்தியை எடுப்பார்கள்.

தை மாதத்தில் ஒரு முற்பகலில் அம்பலத்தாடி மலையேறி வந்தார். வீட்டில் அவர் மனைவி பூமயிலும் ஒரு மாதக் குழந்தையும் இருந்தார்கள். அன்று மாலை குழந்தையைத் தொட்டிலில் இட்டு, தகப்பன் அதன் காதில் பெயர் சொல்ல வேண்டும்.

மடத்தின் தலைவியை எல்லோரும் அம்மை என்றே அழைத்தார்கள். அவர் முன்னால் உட்கார்ந்து அம்பலத்தாடி கேட்டார்.

"நானும் மாநிறம், அவளும் மாநிறம். பிள்ளை நல்ல கறுப்பு. அது எப்படி அம்மா?"

ஊரில் என்ன பேச்சு என்று அம்மை விசாரித்தார். குழந்தையைப் பார்க்க வந்த பங்காளி ஒருவர், இந்தச் சாயல் எந்தத் தெருவிலிருந்து வந்ததோ என்று சிரித்தாராம். பூமயில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பிள்ளையை இவர் மடியில் வைக்க வந்தாளாம். இவர் எழுந்துவிட்டார்.

அம்மை அவரை மொச்சை ஊறப்போட உதவச் சொன்னார்.

சமையல் பார்க்கும் நாகலிங்கர் இரண்டு பைகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று மேலத்தெருப் பிச்சை, மற்றது கீழத்தெருப் பிச்சை. வீட்டுக்கு ஒரு பிடி போடுவது அந்த ஊர் வழக்கம். சிலர் கறுப்பு மொச்சை போட்டிருந்தார்கள், சிலர் வெள்ளை. குலுக்கிப் பார்த்தால் இரண்டு பையும் பாதிக்குப் பாதியாகத் தெரிந்தன.

கண்ணை மூடிக்கொண்டு பைக்கு ஒரு சின்னப் பிடி எடுத்து, மடத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு கிண்ணத்தில் போடச் சொன்னார் அம்மை. பெரும்பாலான கிண்ணங்கள் கலவையாகவே இருந்தன. ஒன்றில் வெள்ளை மிகுந்தது. கடைசிக் கிண்ணத்தில், ஓரிரண்டு வெள்ளை போக எல்லாம் கறுப்பு.

அம்பலத்தாடியின் முகம் மாறியது. நாகலிங்கரைப் பார்த்தார்.

"நான் கண்ணை மூடியிருந்தபோது வேறு பையிலிருந்து போட்டுவிட்டீர்கள்."

"ஆமாம், எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்," என்றார் நாகலிங்கர்.

மூன்றாவது பை இருந்தால் தேடி எடுத்துவரும்படி அம்மை சொன்னார்.

அம்பலத்தாடி அடுக்களைப் பானைகளைத் திறந்தார். பரணில் ஏறினார். உமி மூட்டைக்குள் கையை விட்டார். விளக்குப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போன நாகலிங்கர், அடுப்புச் சாம்பலையும் கிளறி அள்ளிவிட்டால் தனக்கு ஒரு வேலை மிச்சம் என்றார்.

தலையில் ஒட்டடையோடு, வெறுங்கையோடு அம்பலத்தாடி திரும்பி வந்தார். அந்தக் கடைசிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

"அப்படியென்றால் இந்தக் கறுப்பு எந்த வீட்டுடையது?"

"ஒரு வீட்டைச் சொல்ல முடியாது," என்றார் அம்மை. "மேலத்தெருவில் எத்தனையோ கை, கீழத்தெருவில் எத்தனையோ கை. அத்தனை கையும் சேர்ந்து இந்தக் கிண்ணம். இன்னொரு முறை நீங்களே எடுத்தாலும் இதே கிண்ணம் வராது."

அம்மை ஒரு கறுப்பு மொச்சையை எடுத்து வெயிலில் பிடித்தார். அது மின்னியது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

நாகலிங்கர் கத்தியை எடுத்து வரட்டுமா என்று கேட்டார். அம்பலத்தாடி வேண்டாம் என்று தலையசைத்தார். எழுந்தவர் வாசலில் தயங்கி நின்றார்.

"பூமயிலிடம் நான் என்ன சொல்வேன் அம்மா?"

"அவள் ஒன்றும் பேசவில்லையே. நீங்களும் பேச வேண்டாம். போய் மடியை விரித்து உட்காருங்கள்."