வராத மையும் கறுத்த மீசையும்

கனகவர்மர் என்றொரு அரசர். நல்லவர்தான், ஆனால் சட்டம் போடுவதில் அவசரக்காரர். அவருடைய தலைநகரில் ஒரு சந்தை மாடம் இருந்தது. சொந்தக் கடை வைக்க வசதியில்லாதவர்கள் வீட்டில் செய்த பொருளின் மாதிரியை அங்கே ஒரு மாடக்குழியில் வைப்பார்கள். வாங்குபவர் பார்த்துவிட்டு, பணத்தை மாடத்து அதிகாரியிடம் கட்டிப் போவார். பொருள் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பணம் விற்றவர் கைக்கு வரும். இன்று நாம் கைப்பேசியைத் தடவித் தடவி வாங்குகிறோமே, ஏறக்குறைய அதுதான். ஏமாற்று வேலையும் ஏறக்குறைய அதேதான்.

ஏனென்றால் அரசர் ஒரு சட்டம் போட்டிருந்தார். பொருள் வரவில்லை என்று வாங்கியவர் சத்தியம் செய்தால் போதும், பணம் அவருக்கே திரும்பும். வாங்கியவர் சொல்லே முடிவு, விற்றவரைக் கேட்கவே வேண்டாம். வாங்குபவர்கள் அரசரை வாயார வாழ்த்தினார்கள். அவர்களில் பாதிப் பேர் பிரபுக்கள் என்பதால் அந்த வாழ்த்து அரண்மனை வரைக்கும் கேட்டது. விற்பவர்களின் புலம்பலுக்கு அவ்வளவு சத்தம் இல்லை.

அங்காளி என்பவள் அவுரியும் மருதாணியும் கடுக்காயும் அரைத்து மீசை மை செய்து விற்றாள். அவள் மை ஏறினால் ஏறியதுதான். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பிரபு இரணவீரர் மாதம் தவறாமல் ஒரு குடுவை மை வாங்கினார். மாதம் தவறாமல் "வரவில்லை" என்று சத்தியமும் செய்தார். குடுவையை வாங்கி வைத்த வாசற்காவலன் அவரிடம் சம்பளம் வாங்குபவன், அவன் எதைப் பார்த்தான்? புகார் மேல் புகார் சேர்ந்ததால், அங்காளியின் மாடக்குழியை மூடப் போவதாக அதிகாரி சொல்லிவிட்டார்.

அவள் நேரே அரசவை ஆலோசகர் கலியபெருமாளிடம் போனாள். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகமானாலும் நியாயம் தெரிந்த மனிதர் அவர்.

"சாமி, அந்தக் குழியும் போச்சுன்னா என் வீட்டுல அடுப்பு எரியாது. என் மையப் பூசிக்கிட்டு அந்தப் பிரபு இரணவீரரு என் முன்னாலேயே மீசைய முறுக்குறாரு. கேட்டா பரம்பரைக் கறுப்புங்கிறாரு."

கலியபெருமாள் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அவள் காதில் ஒரே ஒரு வார்த்தை சொல்லி, மறுநாள் அவைக்கு வரச் சொன்னார்.

இந்த இடத்தில் அந்த நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே பிறந்த வருஷத்தை யாரும் குறித்து வைப்பதில்லை. பிரபுக்கள் முறை போட்டு எல்லைக் கோட்டைக்குக் காவல் போக வேண்டும். மீசை நரைத்துவிட்டால் விலக்கு. இரணவீரர் நரைத்த மீசையைக் காட்டி எப்போதோ விலக்கு வாங்கியவர். அப்புறம் இரண்டாம் கல்யாணம் நடந்தது, மீசை கறுத்தது. அவையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தவர்களுக்கும் சொந்தமாக மீசை இருந்தது.

மறுநாள் அவையில் அரசர் விசாரித்தார். இரணவீரர் மார்பைத் தட்டிக்கொண்டு சத்தியம் செய்தார். ஒரு குடுவைகூடத் தன் வீட்டுக்கு வரவில்லையாம். இந்த அவையே தன் சொல்லைச் சந்தேகித்தால் அரசரின் சட்டத்தையே சந்தேகித்த மாதிரியாம். அரசர் நெளிந்தார்.

கலியபெருமாள் எழுந்தார். "அரசே, பிரபு சொல்வதை நான் முழுதாக நம்புகிறேன். பிரபுவே, மை வரவில்லை, சரி. வேறு எங்காவது வாங்கிப் பூசினீர்களா?"

"மை எனக்கெதற்கு? இது பிறவிக் கறுப்பு" என்றார் இரணவீரர். மை வேண்டாதவர் மாதாமாதம் எதற்கு வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. கலியபெருமாள் கேட்க விடவில்லை.

"கேட்டீர்களா அரசே? நரைத்த மீசை தானாகத் திரும்பக் கறுத்திருக்கிறது. இளமை திரும்பிய வீரரை ஊரில் வைத்திருப்பது நாட்டுக்கு நஷ்டம். எல்லைக் கோட்டையில் ஆள் குறைவு. கஞ்சியும் கொசுவும்தான் அங்கே தாராளம். இன்றே அனுப்பிவிடலாம்."

இரணவீரரின் முகம் மீசைக்கு நேர்மாறாக வெளுத்தது. மேல்துண்டை நனைத்து மீசையைத் தேய்த்தார். பிறகு சீயக்காய் கேட்டு வாங்கித் தேய்த்தார். மூக்கு சிவந்ததே தவிர, மீசை அசைந்து கொடுக்கவில்லை. அங்காளியின் சரக்கு அப்படி.

"அரசே, இது மைதான். அவள் மைதான். வந்தது, மாதாமாதம் வந்தது" என்று ஒப்புக்கொண்டார்.

"வரவில்லை என்ற சொல்லும் உங்களுடையது. வந்தது என்ற சொல்லும் உங்களுடையது. எதை வைத்துக்கொள்ள?" என்றார் கலியபெருமாள்.

"அவளைக் கேளுங்கள். கொடுத்தது அவள்தானே, அவளுக்குத்தானே தெரியும்!"

அரசர் அங்காளியைப் பார்த்தார். அவள் முந்தைய நாள் காதில் விழுந்ததை அப்படியே சொன்னாள்.

"மகாராசா, விக்கிறவளைக் கேக்க வேண்டாம்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க."

அவை கொல்லென்று சிரித்தது. பிரபுவோ, விற்றவரையும் விசாரித்தே தீர வேண்டும் என்று அரசர் காலில் விழுந்து கெஞ்சினார். சந்தை விற்பனையாளர்கள் காலமெல்லாம் கெஞ்சியும் கிடைக்காத சட்டம், ஒரு பிரபு கெஞ்சியதும் அங்கேயே பிறந்தது. இனி இரு பக்கமும் கேட்டுத்தான் பணம் திரும்பும். அங்காளியின் மாடக்குழி அவளுக்கே. இரணவீரர் எல்லாக் குடுவைக்கும் இரட்டிப்பு விலை கொடுத்து, கோட்டைக் காவலிலிருந்து தப்பினார்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, கலியபெருமாளுக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

"எனக்கு ஒன்றும் வேண்டாம் அரசே. அங்காளி மேல் இன்னும் ஒரு புகார் பாக்கி இருக்கிறது. போன மாதம் அரண்மனை அந்தப்புர வாசலில் கொடுத்த குடுவையும் வரவில்லையாம்."

அரசரின் சிரிப்பு நின்றது. கை தானாக மீசைக்குப் போனது. பிறகு அதிகாரியைப் பக்கத்தில் அழைத்து, மெதுவாகச் சொன்னார்.

"இப்போதுதான் வந்து சேர்ந்தது என்று எழுதிக்கொள்."