கட்டியக்காரர் கொட்டிய உச்சு

வெகு காலத்துக்கு முன்னால், ஆறு கடலில் கலக்கிற இடத்தில் முகிழ்த்துறை என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் சேந்தமாறன் என்ற ராஜா. நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு மனம், சாப்பிட்ட பிறகு வேறு மனம்.

ராஜா எங்கே நடந்தாலும் அவருக்கு முன்னால் ஒரு கட்டியக்காரர், வெள்ளித்தடியை ஏந்திக்கொண்டு, “ராஜாதி ராஜ! கடல் காவலர்! பராக், பராக்!” என்று முழங்கிக்கொண்டே போவார். முப்பது வருஷமாக அதே குரல். அவருடைய பெயரை அரண்மனையில் யாரும் கேட்டதில்லை. அதனால் நானும் இப்போது சொல்லப் போவதில்லை.

ஒரு நாள் ராஜாவின் தாயார் காலமானார். அந்த நாட்டு வழக்கப்படி நாற்பது நாள் முரசு கூடாது, சங்கு கூடாது, கட்டியமும் கூடாது. கட்டியக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு ராஜாவுக்கு முன்னால் நடந்தார். மூன்றாம் நாள் கொலுமண்டபத்தில் நேராகப் போய் ஒரு தூணில் மோதினார். தடி உருண்டது. தடியில் ராஜா இடறினார். ராஜாவின் கிரீடம் சபை முழுக்க உருண்டு, கடைசியில் சமையல்காரரின் காலடியில் போய் நின்றது.

உக்கிராணம் என்கிற பண்டகசாலைக்கு அதிகாரியான வடுகநாதருக்கு அந்த வெள்ளித்தடிமேல் நெடுநாள் ஆசை. தன் மைத்துனனுக்கு அந்த வேலையை வாங்கித் தர வேண்டும். அவர் ஓடிவந்து கட்டியக்காரரின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். “மகாராஜா! இந்த ஆளுக்குக் கண்ணே தெரியவில்லை!”

கட்டியக்காரர் தரையில் விழுந்தார். “உண்மைதான் மகாராஜா. நாலு வருஷமாயிற்று.”

“நாலு வருஷமாகக் கண் தெரியாதவர் பின்னாலா நான் நடந்தேன்? ஊர் சிரிக்காதா? தடியை வைத்துவிட்டு நாட்டை விட்டே போய்விடும்!”

“எங்கே போவேன் மகாராஜா? எனக்கு வேறு தொழில் தெரியாது. வேறு ஊரும் தெரியாது.”

அமைச்சர் காரியார் எழுந்தார். கழிமுகத்தில் தோணி ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவர், அவசரப்பட்டு எதையும் பேசாதவர். “அரசே, இந்த நாலு வருஷத்தில் தாங்கள் ஒரு தடவையாவது இடறியதுண்டா?”

ராஜா யோசித்தார். “இல்லை. இன்றைக்குத்தான்.”

“இன்றைக்கு மட்டும் ஏன் என்று தெரிந்துகொண்டு தண்டியுங்கள். ஒரு நாள் தாருங்கள்.”

மறுநாள் நண்பகலில் அமைச்சர் எல்லோரையும் பழைய நூற்றுக்கால் மண்டபத்துக்கு அழைத்துப் போனார். உள்ளே ஜன்னல் கிடையாது, பகலிலும் கும்மிருட்டு. தலைக்கு மேலே தூணுக்குத் தூண் மெல்லிய நூல் கட்டி மணிகள் தொங்கவிட்டிருந்தார். கீழே ஒவ்வொரு தூணுக்கும் ஒரு சதங்கை. கதவைச் சாத்திவிட்டுக் கைதட்டினார். கூரையில் தொங்கிய சின்ன வௌவால்கள் கூட்டமாகப் பறந்தன. காற்று எல்லோர் கன்னத்திலும் பட்டது. ஒரு மணிகூட ஒலிக்கவில்லை.

“அதுகளுக்கு இருட்டில் கண் தெரியும்” என்றார் வடுகநாதர்.

“நானும் அப்படித்தான் நினைத்தேன்” என்றார் அமைச்சர். “ஒரு தடவை, காதில் தேன்மெழுகு அப்பிக்கொண்ட வௌவால் ஒன்று என் வீட்டுக்குள் வந்தது. கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் சுவர் சுவராக மோதியது. மெழுகை எடுத்ததும் நேராகப் பறந்து போய்விட்டது. அப்போதுதான் எனக்குக் கழிமுகத்தில் தண்ணீருக்கு மேலே துள்ளுகிற ஓங்கில்மீன் ஞாபகம் வந்தது. கலங்கின தண்ணீரில் எதுவும் தெரியாது. ஓங்கில் மட்டும் மீனைப் பிடித்துவிடும். தோணியின் அடிப்பலகையில் காதை வைத்தால் டக், டக் என்று கேட்கும். இரையை நெருங்க நெருங்க வேகம் கூடும். ஆழ்கடலில் பல்லுள்ள திமிங்கிலமும் அப்படித்தான் என்பார் என் தகப்பனார். ஒலியை அனுப்புகிறது, பட்டுத் திரும்புவதைக் கேட்கிறது. வௌவாலும் நம் காதுக்கு எட்டாத குரலில் அதையே செய்கிறது என்று ஊகிக்கிறேன். நம் கட்டியக்காரரும்தான். துக்கத்தால் கட்டியம் நின்றது, அவருக்குத் தூணும் தெரியாமல் போயிற்று.”

“கதை போதும், நடந்து காட்டட்டும்!” என்றார் வடுகநாதர். “ஆனால் துக்க காலம். ‘பராக்’ என்று ஒரு சொல் வந்தாலும் மறைந்த ராஜமாதாவுக்கு அவமரியாதை.”

“ஆமாம், கட்டியம் கூடாது” என்றார் ராஜா.

“சரி. எதிர்க் கோடிக் கதவுவரை கண்ணுள்ளவர் முதலில் நடக்கட்டுமே” என்றார் அமைச்சர்.

வடுகநாதர் விறைப்பாகப் புறப்பட்டார். நாலு அடிக்குள் ஜல் என்றது. பிறகு ஜல், ஜல், “ஐயோ!”. மண்டபத்தில் சலங்கை கட்டி ஆடுகிற மாதிரி இருந்தது. நெற்றியைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தார்.

“அரசே, ஒரு சந்தேகம்” என்றார் அமைச்சர். “துக்கத்தில் உச்சுக் கொட்டலாமா?”

“இதென்ன கேள்வி? என் தாய்க்காக ஊரே உச்சுக் கொட்டியதே!”

அமைச்சர் கட்டியக்காரரின் தோளைத் தொட்டார். “கேட்டீரா ஐயா?”

இருட்டில் “ச்சு... ச்சு...” என்று கேட்டது. கட்டியக்காரர் நடந்தார். தூணை நெருங்கினால் “ச்சுச்சுச்சு” என்று வேகமாகும், விலகினால் மெதுவாகும். ராஜா மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். சத்தம் வளைந்து வளைந்து தூரமாகப் போயிற்று. ஒரு சதங்கைகூட அசையவில்லை. எதிர்க் கோடியில் தாழ்ப்பாள் நகர்ந்தது, கதவு திறந்தது, வெளிச்சம் உள்ளே வந்தது. வாசலில் கட்டியக்காரர் நின்றார்.

ராஜா அவரிடம் போய்க் கேட்டார்: “அப்படியானால் நாலு வருஷமாக என் புகழை முழங்கியது எனக்காக இல்லை. தூணுக்காக. அப்படித்தானே?”

“மன்னிக்கணும் மகாராஜா. அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் தங்களுக்காகவே முழங்கினேன். தங்களிடமிருந்து ஒரு வார்த்தை திரும்பி வந்ததில்லை. தூணிலிருந்து வந்தது.”

தலை போயிற்று என்று எல்லோரும் நினைத்தார்கள். ராஜாவுக்கோ கண் கலங்கிவிட்டது.

“உம்முடைய பெயர் என்ன?”

“மருதையன், மகாராஜா.”

ராஜா தம் கையாலேயே வெள்ளித்தடியை அவரிடம் கொடுத்தார். அமைச்சருக்குத் தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். பிறகு வடுகநாதரைப் பார்த்தார். “கண்ணுள்ளவரே, கதவைச் சாத்திக்கொண்டு அத்தனை சதங்கையையும் நீரே அவிழ்த்து வாரும்.” அவர் வெளியே வர மூன்று நாளாயிற்று.

நாற்பத்தோராம் நாள் கொலுமண்டபத்தில் மறுபடி கட்டியம் எழுந்தது. “ராஜாதி ராஜ! கடல் காவலர்! பராக், பராக்!”

பின்னாலிருந்து பதில் வந்தது: “வருகிறேன், மருதையரே.”

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மருதையருக்குக் குரல் தடுமாறியது. கால் தடுமாறவில்லை.