வராந்தாவில் ஆறு நிமிடம்

“இந்த மனுஷன் பொய் சொல்றார், மேடம்” என்றார் டாக்டர் கதிரவேல்.

ஹாஜிரா மேடம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். கதிரவேலைவிட வயதில் இளையவர். ஆனாலும் ரத்தக்குழாய் வைத்தியத்தில் கதிரவேலுக்குக் குரு இவர்தான்.

“யாரு?”

“வரதப்பன். பெருமாள் பல்லக்குத் தூக்கறவர்.”

வரதப்பனுக்குக் காலுக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்திருந்தது. நாலு எட்டு வைத்தால் போதும், கெண்டைக்காலைக் கவ்விப் பிடிக்கும். வலிக்கும்வரை நட, நின்று ஆறவிடு, திரும்ப நட என்று மூன்று மாதமாகப் பயிற்சி. ஒரு நாள்கூட விட்டதில்லை. வெள்ளிக்கிழமை கோயில் புறப்பாடு. நடக்க முடியாது என்றால், அவர் அப்பாவும் தாத்தாவும் பிடித்த பல்லக்குத் தண்டு வேறு ஆளின் தோளுக்குப் போய்விடும்.

“வலியே இல்லைங்கறார். ஆனா ஆறு நிமிஷத்துல நடக்கிற தூரம் முதல் நாளைவிடக் குறைஞ்சுபோச்சு. மறைக்கிறார் மேடம். தூக்கக் கூடாதுன்னு சொல்லிடட்டுமா?”

சொல்லிவிட்டாரே தவிர, கதிரவேலுக்கு மனசு கேட்கவில்லை. அவர் என்ன கல்நெஞ்சக்காரரா? முதல் நாள் அவர் தடுமாறியதைப் பார்த்ததிலிருந்து ஒவ்வொரு சோதனையிலும், ஆள் விழுந்துவிடுவாரோ என்று பயந்து, பக்கத்திலேயே மெல்ல மெல்லக் கூட நடந்தவர் ஆயிற்றே!

“எங்க, எனக்கு ஒரு தடவை காட்டுங்க.”

வராந்தாவுக்கு வந்தார்கள். வரதப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். கதிரவேல் வழக்கம்போல் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க.”

“உட்கார்ந்தா எப்படி மேடம்? அவர் நடக்கணுமே.”

“உங்களைத்தான் சொன்னேன்.”

கதிரவேல் உட்கார்ந்தார்.

வரதப்பன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. கிளம்பினார்.

அடேயப்பா! என்ன நடை அது! கடைசி அறை வரை போய்த் திரும்பி வந்து, மறுபடியும் போனார். மருந்து வாங்க நின்ற கூட்டம் தானாக வழிவிட்டது.

பாதியில் சட்டென்று நின்றார். குனிந்து கெண்டைக்காலைத் தடவினார்.

கதிரவேல் துள்ளி எழுந்தார். மேடம் அவர் தோளில் கை வைத்து அழுத்தினார்.

வரதப்பன் ஒரு பெருமூச்சு விட்டார். நிமிர்ந்தார். மறுபடி நடந்தார்.

ஆறு நிமிடம் முடிந்து மணி அடித்தபோது அவர் முதல் நாள் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு தாண்டியிருந்தார். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

கதிரவேல் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன.

“யோவ், இவ்வளவு நாளா ஏன் இப்படி நடக்கல?”

“நீங்க பக்கத்துல வந்தீங்களே டாக்டரய்யா! பக்கத்தாள் எப்படி அடி வைக்கிறாரோ, அப்படித்தானே நாங்க வைப்போம்? முந்தினா சாமி சாஞ்சிடுமே!”

கதிரவேல் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேடம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டினார்.

“தூக்குங்க வரதப்பன்! வெள்ளிக்கிழமை தாராளமாத் தூக்குங்க!” என்றார் கதிரவேல்.

வரதப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பெருமாளுக்கு என்னய்யா, பூ மாதிரி வருவார். இந்த மூணு மாசமா உங்களைத் தூக்கிட்டு நடந்தேனே, அதுதான் கனம்!”