வாட்ச்மேன் கையில் கார் சாவி

மில் முதலாளி நமச்சிவாயம் காரை ஏற்றியதில், சைக்கிளில் போன ஒரு மனுஷன் அந்த இடத்திலேயே செத்துப்போனான். முதலாளி நேரே வாட்ச்மேன் மாசானத்தைப் பிடித்தார்.

"நான்தான் ஓட்டினேன்னு ஒத்துக்க. இல்லேன்னா வேலையும் கிடையாது, குடியிருக்க வீடும் கிடையாது."

விபத்து நடந்த இடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் முன்னால் மாசானம் கைகட்டி ஒத்துக்கொண்டான்.

"லைசென்ஸ் எங்கடா?"

"இல்லீங்க ஐயா. இல்லேன்னு தெரிஞ்சுதான் முதலாளி சாவியக் குடுத்தாரு."

இன்ஸ்பெக்டர் முதலாளி பக்கம் திரும்பினார். "லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட வண்டியக் குடுத்தா உங்க மேலயும் கேஸ். இன்சூரன்ஸும் கைவிரிச்சிடும்."

முதலாளி பதறிப்போனார். "பொய் சார்! இவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கவே தெரியாது. அந்நேரம் மில் கேட்லதான் நின்னான்!"

"அப்போ ஓட்டினது யாரு?"

அங்கே யாரும் சிரிக்கவில்லை. செத்தவனின் ஒத்தைச் செருப்பு இன்னும் காருக்கடியில்தான் கிடந்தது.