காஸ்பரின் கப்பல் பூட்டு

இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் இரண்டு காதும் அவிந்து போகட்டும். இடது காது ஏற்கெனவே அவிந்ததுதான்; அது வேறொரு சத்தியத்தில் போனது. மிச்சமிருக்கும் வலது காதின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

தூத்துக்குடியில் காஸ்பர் ரொட்ரிகோ என்று ஒருவர். இருபத்தெட்டு வருஷம் கப்பலில் இன்ஜினியர். அவர் முறைத்துப் பார்த்தால் நெருப்பில்லாமலே பாய்லரில் ஆவி ஏறும். அந்த வகையில் கம்பெனிக்கு எண்ணெய் மிச்சம். இப்பேர்ப்பட்ட கோபக்காரர் ஐம்பத்தைந்து வயதில் கரையேறி, நேராக டெல்ஃபின் மோத்தா டீச்சர் வீட்டுக்குப் போய், வயலினுக்கு இசை எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று நின்றார். டீச்சருக்கு அப்போது முப்பத்தொன்பது. அவர் சிரிக்கவில்லை. நோட்டும் பென்சிலும் கொண்டு வரச் சொன்னார்.

மூன்று வருஷம் கழித்து டீச்சர் ஆறு சனிக்கிழமைக் கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்தார். கடற்கரைச் சாலையில் ஒரு சின்ன ஹால். மைக் கிடையாது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ; வாசிக்கிற நாலு பேரும் அவரிடம் படித்தவர்கள். முதலில், ஐரோப்பாவில் எவரோ இருநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஒன்று. அது முடிந்ததும் வராந்தாவில் டீ. மணி அடித்தால், இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஒருவர் எழுதிய புதியது. ஆறாவது சனிக்கிழமைப் புதியது காஸ்பருடையது. ஒன்பது நிமிஷம் ஓடும். மூன்று வருஷமாக எழுதி, அழித்து, எழுதியது. ஊர் காதில் அது ஒரு தடவை விழுந்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

முதல் சனிக்கிழமை பழையதற்கு எழுபது பேர் இருந்தார்கள். மணி அடித்த பிறகு உள்ளே திரும்பியவர்கள் பதினொரு பேர். காஸ்பர் முதல் வரிசையில் உட்கார்ந்து காலி நாற்காலிகளை எண்ணினார். அவர் காதிலிருந்து புகை வந்தது என்று பக்கத்திலிருந்த அம்மாள் சொன்னாள். பார்த்தவள் சொல்கிறாள், நான் என்ன செய்ய?

இரண்டாவது வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம், புதியதை முதலில் வையுங்கள் என்று டீச்சரிடம் சண்டை போட்டு வைக்கச் செய்தார். ஊர் மொத்தமும் அரை மணி நேரம் தாமதமாக வந்து, பழையதற்குச் சரியாக உட்கார்ந்தது. நான்காவது வாரம் பழைய வழிக்கே திரும்பினார்கள்.

அவருக்குக் கூட்டத்தின் மேல் கோபம். அதைவிட டீச்சர் மேல் கோபம். டீச்சர் ஒவ்வொரு வாரமும் மேடைப் பக்கம்கூட வராமல், வராந்தாவில் அடுப்பு மூட்டி, எழுந்து போகிறவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது வாரம் மணி அடித்த பிறகு காஸ்பர் வராந்தாவுக்கே வந்துவிட்டார்.

"ஓடுத ஆளுகளுக்கு விருந்தா வைக்கீய, டீச்சர்?"

"தொண்டை காஞ்சு போறவங்களை எப்படி அண்ணே சும்மா அனுப்ப?"

"அப்ப பேப்பர் கப்புல ஊத்திக் குடுங்க. வாங்கிட்டுத் தொலையட்டும். உள்ள வாசிக்கும்போது இங்க டம்ளர் சத்தம்."

"பேப்பர் கப் வேண்டாம். டம்ளரைத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் போகணும்."

காஸ்பர் பல்லைக் கடித்தார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

"அடுத்த வாரம் என்னோடது. இவங்களை நிறுத்த என்னதான் வழி, டீச்சர்?"

டீச்சர் இன்னொரு டம்ளரில் டீ ஊற்றி யாரிடமோ நீட்டினார். தன் கேள்வியை மதிக்கவே இல்லை என்று காஸ்பர் விடுவிடுவென்று உள்ளே போய்விட்டார்.

ஆறாவது சனிக்கிழமை அவர் வரும்போது கையில் ஒரு பூட்டு இருந்தது. பழைய கப்பலின் சரக்கறைப் பூட்டு, இளநீர் அளவு. சாதாரணமாக அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கோபம் இருந்ததால் ஒரு கை போதுமாக இருந்தது.

பழையது முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் எட்டு ஜன்னலையும் சாத்திக் கொக்கி போட்டார். கதவை உள்பக்கம் பூட்டினார். சாவியைக் காலுறைக்குள் போட்டுக்கொண்டு, வாசியுங்கள் என்றார். நாலு பேரும் பயந்துபோய் வாசித்தார்கள்.

உள்ளே எழுபத்திரண்டு பேர். டாக்டர் லிகோரி, ஆஸ்பத்திரியில் ஆள் காத்திருக்கிறது என்று எழுந்தார். காஸ்பர் பார்த்த பார்வையில் உட்கார்ந்தார். ஒருவர் போலீஸுக்குப் போவேன் என்றார். எப்படிப் போவீர் என்று கேட்டார் காஸ்பர். புழுக்கம் தாங்காமல் ஒரு அம்மாள் குடைக்காம்பால் கதவைத் தட்டத் தொடங்க, செல்லோக்காரர் தன் தாளம் தவறி அந்த அம்மாளின் தட்டலுக்கே வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஐந்தாவது நிமிஷம் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கதவைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மூன்று வருஷ உழைப்பு எழுபத்திரண்டு முதுகில் பட்டு விழுந்தது.

கதவு திறந்ததும் திட்டிக்கொண்டே போனார்கள். அன்றைக்கு ஒருவரும் டீ குடிக்கவில்லை.

காஸ்பர் பூட்டோடு வராந்தாவுக்கு வந்தார். ஊரைத் திட்டினார். டாக்டரைத் திட்டினார். அந்தக் குடையைத் தனியாகத் திட்டினார். கடைசியில் குரல் உடைந்தது.

"எழுபத்திரண்டு பேரும் முடியிற வரைக்கும் இருந்தாவ, டீச்சர். ஒருத்தர்கூட கேக்கலை."

டீச்சர் ஒரு டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தார். காஸ்பர் வாயில் வைத்து, உதடு வெந்து, டம்ளரை எடுத்தார்.

"இதை மனுஷன் குடிப்பானா? இன்னொரு டம்ளர் குடுங்க, ஆத்திக்கிடுதேன்."

"தர மாட்டேன். கையில வச்சுக்கிட்டு நில்லுங்க."

காஸ்பர் நின்றார். துண்டின் நுனியில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஊதிப் பார்த்தார். மறுபடி ஊதினார்.

"இது ஆற எம்புட்டு நேரமாகும்?"

"பத்து நிமிஷம்," என்றார் டீச்சர். "போன சனிக்கிழமை இருபத்தாறு பேர் இதே இடத்துல உங்களை மாதிரிதான் நின்னாவ, அண்ணே. அன்னைக்கு ஜன்னல் திறந்திருந்தது."

காஸ்பர் தான் கொக்கி போட்ட ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தார். டீ ஆறியது.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். காஸ்பர் நல்ல திடமாகத்தான் இருக்கிறார். அந்தப் பூட்டும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.