கதவுப் பிடியில் விழுந்த கீறல்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சம்பந்தி ரூபாவதி அம்மாள், என் இளையவள் வளைகாப்பு அன்று.

தூத்துக்குடியில் உப்பு முதலாளி தனசிங்கிடம் மிக்கேல் கார் ஓட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் மகள் நர்சிங் படித்தாள். முதலாளியின் புதுக் கறுப்புக் காரில், பின்கதவுப் பிடியைச் சுற்றிக் கீறல்கள் விழுந்துகொண்டே இருந்தன.

"எல்லாம் உன் கை பட்டுதான்டே! பெரிய பாலிஷ் மெஷினும் முரட்டுக் காம்பவுண்டுப் பசையும் வாங்கித் தேய். இனி ஒரு கீறல் விழுந்தா உனக்கு வேலை கிடையாது," என்று கத்தினார் முதலாளி.

"அது பெயிண்டையே தின்னுரும் முதலாளி. இது மேலாப்புல விழுந்த கீறல். சின்ன மெஷினும் மெல்லிசு காம்பவுண்டும் போதும்."

ஆண்டவரை நினைத்துக்கொண்டு, சின்ன மெஷினில் மெத்தென்ற பஞ்சு வட்டத்தை மாட்டிப் பதமாக ஓட்டினார் மிக்கேல். கதவு கண்ணாடியாக மின்னியது.

"நீங்களே திறந்து பாருங்க முதலாளி."

முதலாளி பெருமையாகப் பிடிக்குள் கையை விட்டார். அவருடைய நவரத்தின மோதிரம் கிறீச்சென்று இழுத்தது. புதுக் கீறல்!

"இப்ப வேலை யாருக்குப் போகுது முதலாளி? எனக்கா, மோதிரத்துக்கா?"

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். விரலை விட்டு வரவில்லை. மிக்கேல் சோப்புத் தண்ணீர் தொட்டு, நோகாமல் உருவிக் கொடுத்தார்.

"நாளைக்கு வந்திருவல்லாடே?" என்று மெதுவாகக் கேட்டார் முதலாளி.

"வாரேன் முதலாளி."

இன்று ராத்திரி ஜெபத்தில், வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.