ஐந்து நிமிடக் கடற்கரை

சென்னையில் ஓர் ஓட்டல். "கடற்கரை ஐந்து நிமிட நடை" என்ற அதன் விளம்பரத்தை நம்பிப் புறப்பட்ட கோவில்பட்டி வடிவம்மாள், முக்கால் மணி நேரம் வெயிலில் நடந்து மயங்கி விழுந்தார்.

மயக்கம் தெளிந்தவரை ஓட்டலுக்குக் கூட்டிவந்து அவர் மகள் சத்தம் போட்டதும், மேனேஜர் சந்தானகோபால் வாசல் காவலாளி ஏகாம்பரத்தின் மேல் பாய்ந்தார். "சுத்துவழி காட்டினது இவன்தான்! அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளுடா, இல்லேன்னா வேலை போயிடும்!"

ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் குரலை உயர்த்தாமல் சொன்னான்: "எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வழிதான் சார். அஞ்சு நிமிஷ வழியை நீங்க காட்டுங்க. எல்லாரும் பின்னாலயே வர்றோம்."

கூடியிருந்த விருந்தினர்கள் செருப்பு மாட்டிக் கிளம்பியே விட்டார்கள். மேனேஜர் நகரவில்லை. "மன்னிச்சிடுங்கம்மா" என்று வடிவம்மாளிடம் கைகூப்பினார்.

"என்கிட்ட அப்புறம் கேக்கலாம்" என்று சீறினார் வடிவம்மாள். "முதல்ல அவர்கிட்ட கேளுங்க!"